பாஞ்ஜி பார்க்கவும்

நேற்று டாக்குரியா ஸ்டேஷன் வாசலில் இந்த வருஷத்துப் பாஞ்ஜியை வாங்கினேன். வங்காளிகளின் பஞ்சாங்கம் சித்திரையில், அவர்கள் வருஷப் பிறப்புக்கே வந்துவிடும். வாங்குகிறவர்கள் அப்போதே வாங்கிவிடுவார்கள். செப்டம்பர் நடுவில் போய்க் கேட்டால் கடைக்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்? பாதி வருஷம் ஓடிவிட்டதே தீதி, மிச்சத்துக்கு நல்ல நேரம் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றார். பிறகு ஒரு கட்டுக்கு அடியிலிருந்து உருவி, தூசி தட்டிக் கொடுத்தார். அதே ரோஸ் நிற அட்டை, அதே மட்டமான தாள். வீடு வரும்வரை பொறுக்கவில்லை. மேம்பாலத்தின் கீழேயே நின்று பிரித்து மூக்கருகில் வைத்துக்கொண்டேன். மண்ணெண்ணெயும் பசையும் கலந்த அந்த மை வாசனையில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை அப்படியே வந்து நின்றது. நடுத்தெருவில் ஒரு பொம்பளை பஞ்சாங்கத்தை முகர்ந்துகொண்டு அழுதால் என்ன ஆகும்? முட்டை விற்கிறவள் எழுந்து வந்து, வீட்டில் ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டாள்.

நீ போய் நான்கு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம், அலமாரியை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டிய நாள் வந்ததுதான். நானே வைத்துக்கொள்வதா, மூடிவிடுவதா, கேட்கிறவளிடம் கொடுத்துவிடுவதா? இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒரு ப்ரோக்ராமுக்கு இவ்வளவு யோசனையா" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு அது ப்ரோக்ராம்தான்.

உனக்கு நினைவிருக்கும், நாம் சந்தித்ததே ஒரு நோட்டுப் புத்தகத்தின் முன்னால்தான். தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு மாற்றலாகி மதுரையிலிருந்து கல்கத்தா வந்து, டாலிகஞ்ச் குவார்ட்டர்ஸில் குடியேறி, யாரோடும் பேச்சில்லாமல் மூச்சு முட்டிக்கொண்டிருந்தேன். டாக்குரியாவில் தமிழ்ச் சங்கத்து நூலகம் ஞாயிறுதோறும் திறக்கும், ஆள் வேண்டும் என்றார்கள். போய் உட்கார்ந்தேன். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்று எழுதும் நோட்டு அது. பாதிப் பக்கங்களில் கறையான், மீதிப் பக்கங்களில் கையெழுத்துப் புரியாது. நீ வந்து, பெரிய எழுத்தில் அச்சடித்த தமிழ்ப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாய். உன் அப்பா துறைமுகத்தில் வேலைக்கு வந்தவர். நீ பிறந்ததும் படித்ததும் இங்கே. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். குழந்தைகள் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். அதற்குக் கோபித்துக்கொண்டு என் நோட்டைப் பார்த்தாய். "தூர், இதுல யார்கிட்ட எந்தப் புத்தகம் இருக்குன்னு கடவுளுக்கே தெரியாது" என்றாய், வங்காளம் கலந்த உன் தமிழில். அன்றைக்கு ஆரம்பித்தது.

சங்கத்துக்கு யாரோ ஒருவர் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். நீ சால்ட் லேக்கில் செக்டர் ஃபைவ் கம்பெனிக்கு எட்டரை மணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வாரம் முழுக்க ப்ரோக்ராம் எழுதுகிறவள். எழுதி முடியும்வரை அந்தப் பெட்டியை உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலைக்கு உட்கார்ந்தாய். நானோ மத்திய அரசு அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி. புத்தகப் பெயர்களையெல்லாம் தட்டி ஏற்றுவது என் வேலை, நீ எழுதியதை உடைத்துப் பார்ப்பதும் என் வேலை. வேண்டுமென்றே தப்புத் தேதி கொடுப்பேன், ஒரே புத்தகத்தை இரண்டு பேருக்குக் கொடுப்பேன். அது திருதிருவென்று விழித்து நின்றுவிடும். நீ பென்சிலைக் கடித்துக்கொண்டு ஒட்டுப் போடுவாய். உன் அப்பா நடுவில் வந்து டீயை வைத்துவிட்டு, இரண்டு பைத்தியங்களையும் பார்த்துவிட்டுப் போவார். இரண்டு மாதத்தில் நானும் கொஞ்சம் எழுதப் பழகிவிட்டேன். பெயர் வைக்கும் நாளில்தான் சண்டை. நான் சொன்ன பெயரெல்லாம் உன் வாயில் நுழையவில்லை. கடைசியில் அலமாரி என்று வைத்தாய். தமிழிலும் அலமாரி, வங்காளத்திலும் அலமாரி. பாடாவில், அக்கம்பக்கத்தில், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம் என்றாய்.

அந்த முதல் வருஷத் துர்கா பூஜையில்தான் கார்டு மாமா நனைந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், டாலிகஞ்சில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்தெரு. அலமாரி அவருக்குக் கொடுத்த திருப்ப வேண்டிய தேதி அஷ்டமி அன்று விழுந்திருக்கிறது. நம் இருவருக்கும் அது தோன்றவேயில்லை. பூஜைக்கு ஊரே அடைத்துக் கிடக்கும் என்பது மனுஷருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? மாமா அன்று பந்தல் கூட்டத்துக்குள் புகுந்து, பஸ் கிடைக்காமல், டாலிகஞ்சிலிருந்து டாக்குரியா வரை நடந்தே வந்திருக்கிறார். பூட்டிய கதவு. மழை பிடித்துக்கொண்டது. புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, வந்த நேரமும் போன நேரமும் எழுதிய சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். தசமி கழிந்து சந்தேஷ் இனிப்பு எடுத்துக்கொண்டு பெரியவர்களைக் கும்பிடக் கிளம்பியபோதுதான் நமக்குத் தெரிந்தது. காய்ச்சலில் படுத்திருந்தார். பூஜையன்னிக்கு யாராவது வருவாங்களா மாமா என்று நீ கேட்டாய். அவர் கோபப்படவில்லை. "தேதின்னு ஒண்ணு போட்டா அது தேதிதானேம்மா" என்றார்.

அடுத்த சித்திரையில் பாஞ்ஜியும் கையுமாக வந்து, இனி பூஜை எப்போது என்று தெரியாமல் அலமாரி எவருக்கும் தேதி தரக்கூடாது என்றாய். சஷ்டியிலிருந்து லட்சுமி பூஜை வரை எந்தப் புத்தகமும் திரும்ப வேண்டியதில்லை. பூஜை வருஷா வருஷம் வேறு நாளில் வருவதால் சித்திரையில் பாஞ்ஜி பார்த்து அந்த வருஷத் தேதியை உள்ளே எழுத வேண்டும். செப்டம்பர் பிறந்ததும் அலமாரி தேதி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் வேலை செய்யாது. திரையில் ஒரே ஒரு வரி வரும்: பாஞ்ஜி பார்க்கவும். அப்போதெல்லாம் திரையில் தமிழ் எழுத்து வராது, ஆங்கில எழுத்தில்தான் அடித்து வைத்தாய். இப்படி அடம் பிடிக்கும் ப்ரோக்ராம் உலகத்தில் உண்டா என்று நான் கேட்டேன். மறந்துபோனால் எல்லாம் நின்றுவிடுமே என்றேன். "நாம எப்படி மறப்போம்?" என்றாய். அதைத்தான் நான் இந்த நான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நாளில் அலமாரியை இணையத்தில் போட்டாய். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நம் சங்கத்தில் மருமகளுக்குப் பாத்திரம் கொடுக்கவே யோசிக்கிற மாமிகள் இருந்தார்கள்; எழுதியதைச் சும்மா கொடுக்கிறாளா என்று உன்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான், சொல்லவில்லை. நாலு ஊர்ச் சின்ன நூலகங்கள் எடுத்துக்கொண்டன, பிறகு இன்னும் சில. ஒரு செப்டம்பரில் உகாண்டாவில் ஒரு பள்ளி நூலகர் கடிதம் போட்டார். அவர் பழைய பிரதியை வைத்திருந்திருக்கிறார். எங்கள் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது, பாஞ்ஜி பார்க்கவும் என்பவரை எந்த முகவரியில் தொடர்புகொள்வது என்று பணிவாகக் கேட்டிருந்தார். நீ சிரித்த சிரிப்பில் உன் அப்பா உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார். அந்தப் பள்ளிக்கு எதற்கு துர்கா பூஜை, அவர்களுக்கு மட்டும் அதை எடுத்துவிடேன் என்றேன். நீ கேட்கவில்லை. அவங்களுக்கும் பத்து நாள் லீவு கிடைக்கட்டுமே என்று அந்த வருஷத் தேதியை அனுப்பிவைத்தாய். பிள்ளைகள் அதைக் கல்கத்தா விடுமுறை என்று கூப்பிடுகிறார்கள் என்று அவர் பிறகு எழுதினார்.

தேதிகளோடு நிறுத்தினாயா? ஒவ்வொரு சித்திரையிலும் புதுத் தேதியை எழுதும்போது, போன வருஷத் தேதிக்குப் பக்கத்தில் அந்தப் பூஜையைப் பற்றி ஒரு வரி எழுதிவைப்பாய். ப்ரோக்ராமுக்கு அதனால் ஒன்றும் இல்லை, அது அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். திறந்து பார்க்கிற மனுஷர் கண்ணில் மட்டும் படும். "கார்டு மாமா நனைந்தார்" என்பது முதல் வரி. அடுத்தது, "மழை இல்லை. அவளுக்கு உப்பு போதவில்லை." அந்த அவள் நான். பந்தலில் தரும், பருப்பும் அரிசியும் குழைந்த கிச்சுரியை வாயில் வைத்ததும் உப்பு போதவில்லை என்று நான் வருஷா வருஷம் சொல்வேன், நீ வருஷா வருஷம் எழுதுவாய். "நவமி அன்று செருப்பு தொலைந்தது. உப்பு போதவில்லை." "புதுப் புடவையில் மஞ்சள் கறை. உப்பு மேற்படி." உலகத்தில் எவன் திறந்தாலும் என் நாக்கைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்று சிரிப்பாய். நான் கோபித்துக்கொள்வதுபோல் இருப்பேன். உள்ளூர எனக்கு அது பிடிக்கும் என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் எழுதினாய், அதை இங்கே சொல்லியாக வேண்டும். புத்தகத்தைத் திருப்பாதவர்களுக்கு அலமாரி ஒரு நினைவூட்டல் அட்டை அச்சடிக்கும். தாமதத்துக்கு இத்தனை, உடனே திருப்பவும் என்று நான் எழுதியதை வாசித்துவிட்டு, போலீஸ்காரி மாதிரி இருக்கிறது என்று அடித்துவிட்டாய். கணினியில் தமிழ் எழுத்து வந்த பிறகு, எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கிற நீ, ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து உன் கையாலேயே எழுதினாய்: "தங்களிடம் உள்ள புத்தகத்தை வேறொருவர் கேட்டிருக்கிறார். படித்து முடித்திருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். முடிக்கவில்லையென்றால் சொல்லுங்கள், அவரைக் காத்திருக்கச் சொல்கிறோம்." ஒரு பிழை இல்லை. எனக்குத் திருத்த ஒன்றும் வைக்கவில்லை என்று அன்று கொஞ்சம் வருத்தம்கூட.

உன் கடைசிப் பூஜையை நான் யாரிடமும் பேசியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பூஜைக்கு அனுப்பினார்கள் என்று உன் அப்பா எல்லாரிடமும் சொன்னார். எதற்கு அனுப்பினார்கள் என்று உனக்கும் எனக்கும் தெரியும். அஷ்டமி அன்று முனைப் பந்தலில் வரிசையில் நின்று வாழை இலைக் கிண்ணத்தில் கிச்சுரி வாங்கிக்கொண்டு வந்தேன். ஜன்னலோரம் நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாய். டாக் மேளம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மடியில் அந்த வருஷத்துப் பாஞ்ஜி. பூஜைப் பக்கத்தின் ஓரத்தில் உன் கோணல் எழுத்தில் அலமாரியின் கடவுச்சொல்.

"ஷோன், நான் சொல்றத கேளு" என்று வங்காளத்திலும் தமிழிலுமாகச் சொன்னாய். "எனக்கப்புறம் யாராவது அலமாரியக் கேட்டா குடுத்துடு. யாரும் கேக்கலேன்னா, எல்லாருக்கும் சொல்லிட்டு மூடிடு. நீ அதுக்குக் காவல் உக்காராத."

என்ன பேச்சு இது, ஆறுவதற்குள் சாப்பிடு என்றேன். ஒரு ஸ்பூன் சாப்பிட்டாய். உனக்கு ருசி தெரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. "உப்பு இருக்கா?" என்று என்னைக் கேட்டாய். நானும் ஒரு வாய் வைத்தேன். அழுகையை அடக்கிய தொண்டைக்கு உப்பா தெரியும், சர்க்கரையா தெரியும்? "இருக்கு, சரியா இருக்கு" என்றேன்.

"பாப் ரே, இத எழுதி வைக்கணும்" என்று சிரித்தாய்.

எழுதவில்லை. அடுத்த சித்திரை வரை நீ இருக்கவில்லை.

அந்தச் சித்திரையில் நான் பாஞ்ஜி வாங்கினேன். உன் அப்பா உன் அண்ணனோடு போய்விட்டதால் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, புதுத் தேதிகளை எழுதினேன். உன் கடைசிப் பூஜைத் தேதிக்குப் பக்கத்தில் காலி இடம். என்னென்னமோ அடித்துப் பார்த்து அழித்தேன். காலியாகவே விட்டுவிட்டேன். அப்படியே மூன்று சித்திரைகள். அலமாரியில் நான் வேறு ஒன்றையும் தொட்டதில்லை. வருஷத்தில் ஒரு நாள் அந்தக் கோப்பைத் திறந்து, உன் வரிகளை முதலிலிருந்து படித்து, தேதியை மட்டும் எழுதி மூடுவேன். அந்த ஒரு நாள் நீ என்னோடு உட்கார்ந்திருப்பாய். அதற்காகத்தான் அதை வைத்திருந்தேன். புத்தகங்களுக்காகவும் இல்லை, நூலகங்களுக்காகவும் இல்லை.

இப்போது என் திருட்டுத்தனத்தைச் சொல்கிறேன். நீ போன மறுவருஷமே ஒருவர் கேட்டார். அலமாரி பழசாகிவிட்டது, புதுக் கம்ப்யூட்டர்களில் தடுக்கி விழுகிறது, நான் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேனே என்று எழுதினார். புதுப் பதிப்பு ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது, பொறுங்கள் என்று பதில் போட்டேன். சுத்தப் பொய். அதற்கடுத்த வருஷம் இன்னொருவர் கேட்டார். அவருக்கும் அதே பொய், ஒரு எழுத்து மாறாமல். எடுத்துக்கொள்ள என்னைக் கேட்க வேண்டியதே இல்லை, அதுதானே நீ வைத்த சட்டம். ஆனாலும் பெயரும் முகவரியும் என் கையில். எல்லா நூலகத்தாரும் புதுப் பிரதிக்கு அங்கேதான் வருவார்கள், அதனால் மரியாதைக்குக் கேட்டார்கள். நான் மரியாதையில்லாமல் நடந்துகொண்டேன். காவல் உட்காராதே என்று நீ சொன்ன வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

இந்த வருஷம் அந்தக் காவலும் போயிற்று. சித்திரையில் மகளுக்குப் பிரசவம் என்று சென்னைக்குப் போனேன். பேரன் பிறந்தான், குறைமாதம், ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தேன். பாஞ்ஜி என்ற சொல்லே மனசில் இல்லை. ஐந்து மாதம் கழித்து, செப்டம்பர் பத்துத் தேதி வாக்கில் திரும்பி வந்து, வந்த ஞாயிறு சங்கத்துக்குப் போனால், நம் மேஜையில் பழையபடி நோட்டு விரித்து வைத்துக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். திரையில் அந்த ஒற்றை வரி. "மெஷின் முன்கூட்டியே பூஜை லீவுல போயிடுச்சுக்கா" என்றார் அன்று பொறுப்பிலிருந்தவர், வேடிக்கையாகத்தான். வீட்டுக்கு வந்து, ஐந்து மாதமாகத் தொடாத மின்னஞ்சலைத் திறந்தேன். முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு ஊராக எழுதியிருந்தார்கள். உகாண்டாக்காரர் இரண்டு தடவை எழுதியிருந்தார். இரண்டாவதில், தாங்கள் நலமா என்று மட்டும் கேட்டிருந்தார். அன்று கார்டு மாமா ஒருவர் நனைந்தார். இன்று நான் எத்தனை பேரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டேன்.

அந்தக் குவியலில் செல்வி என்று ஒருத்தியின் கடிதம் இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர். பத்து நாள் என் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, தானே அலமாரியைத் திறந்து, பூஜைத் தேதியைக் கேட்காதபடி செய்து, தவித்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தாள். மன்னிப்பை யார் யாரிடம் கேட்பது? பிறகு, இதை இப்படியே விடக்கூடாது, ஒன்று என்னிடம் கொடுங்கள், இல்லை இனி இது கிடையாது என்று அறிவித்துவிடுங்கள், ஜனங்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது என்றால் நம்புவாயா? பூஜையை எடுத்துவிட்டாளாம். கார்டு மாமாவை எடுத்துவிட்டாள், உன்னை எடுத்துவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. இவள் கையில் போவதைவிட மூடிவிடலாம் என்று உட்கார்ந்து, அலமாரி இத்துடன் நிறுத்தப்படுகிறது என்று ஓர் அறிவிப்புக்கூட எழுதினேன். நல்ல இலக்கணத் தமிழ். நீ படித்திருந்தால் போலீஸ்காரி என்று சொல்லியிருப்பாய். அதை அனுப்புவதற்கு முன், அவள் கடிதத்தில் திட்டுவதற்கு இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று கீழே வரை படித்தேன். அடியில், வணக்கத்துக்கு முன்னால், இப்படி முடித்திருந்தாள்: "தங்களிடம் உள்ளதை வேறொருவர் கேட்டிருக்கிறார். முடித்திருந்தால் கொடுங்கள். முடிக்கவில்லையென்றால் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்."

அவளுக்கு அது விளையாட்டு. வாரா வாரம் அவள் நூலகத்து அச்சு இயந்திரம் அந்த அட்டையைத் துப்பிக்கொண்டிருக்கும், மனப்பாடமாகியிருக்கும். எழுதியது நீ என்று அவளுக்குத் தெரியாது. எனக்கோ உன் குரலே வந்து காதில் விழுந்ததுபோல் ஆகிவிட்டது. நான்கு வருஷமாக நான் திருப்பாமல் வைத்திருந்ததற்கு நீயே ஒரு அட்டை போட்டாயா? அதிலும் ஒரு கடுஞ்சொல் கிடையாது. திட்டியிருந்தாலாவது வைத்துக்கொண்டிருப்பேன்.

அறிவிப்பை அழித்தேன். நேற்றுக் காலை போய்ப் பாஞ்ஜி வாங்கி வந்தேன். செல்வியின் பிரதிக்கு இனி இந்தத் தேதிகள் வேண்டாம் என்று தெரியும். ஆனாலும் கொடுக்கிற பொருளைக் குறையோடு கொடுப்பார்களா? சஷ்டி, சப்தமி, அஷ்டமி என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்து எழுதினேன். பிறகு மேலே போய், நான்கு வருஷமாகக் காலியாகக் கிடந்த அந்த இடத்தில், நீ எழுதிவைக்க வேண்டும் என்று சொன்னதை எழுதினேன். "டாக் சத்தம் நன்றாகக் கேட்டது. உப்பு சரியாக இருந்தது."

சாப்பிட்டு முடித்த பிற்பகலில் செல்விக்கு எழுதினேன். இன்னும் முடிக்கவில்லை, முடியவும் முடியாது, ஆனாலும் நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்று எழுதி, கடவுச்சொல்லை அனுப்பினேன். பழைய பாஞ்ஜியைப் பார்த்து எழுத்து எழுத்தாகத் தட்டினேன், மனப்பாடமாகத் தெரிந்தும். அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து, சும்மா, பழக்கத்தில் திறக்கப் போனேன். திறக்கவில்லை. அவள் கெட்டிக்காரி, உடனே மாற்றிவிட்டாள். மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் உன்னைப் பார்க்கவேண்டும்போல் எனக்கு இருந்த தவிப்பு, நீ போன அன்றுகூட அப்படி இருந்ததில்லை. அன்று செய்யவேண்டிய வேலைகள் இருந்தன.

இன்று காலை அவள் பதில் வந்திருந்தது. ஒவ்வொரு நூலகமும் தன் ஊர் விடுமுறையைத் தானே எழுதிக்கொள்ளும்படி செய்யப்போகிறாளாம். அவள் ஊருக்குப் பொங்கல் போடுவாள், உகாண்டாக்காரர் கல்கத்தா விடுமுறையை எடுக்கக்கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டாராம். தேதிகளை எடுத்தாலும் பக்கத்திலிருக்கும் வரிகளை அழிக்க மனம் வரவில்லை, தனியாக வைத்திருக்கிறேன் என்றும், ஒன்று கேட்கலாமா என்றும் எழுதியிருந்தாள். வருஷா வருஷம் உப்பு போதாத அந்த அம்மாள் யார்?

நான்தான் என்று எழுதினேன். அதை எழுதியது யார் என்று அவள் கேட்கவில்லை, அதையும் சொன்னேன். கார்டு மாமாவில் ஆரம்பித்து மூன்று பக்கம் போய்விட்டது. நீ போனதிலிருந்து உன்னைப் பற்றி என்னிடம் எவரும் எதுவும் கேட்டதில்லை என்பது எழுதும்போதுதான் உறைத்தது.

நேற்றுக் கடையில் நடந்ததில் ஒன்றை விட்டுவிட்டேன். அடுத்த சித்திரைக்கு ஒரு பாஞ்ஜியை எனக்கு எடுத்துவைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். இனி அதைப் பார்த்துத் தேதி எழுத எனக்கு இடம் இல்லை. ஆனால் பூஜைப் பக்கத்தில் நீ கடவுச்சொல் எழுதிய அந்த ஓரம் எல்லாப் பாஞ்ஜியிலும் உண்டு, ஒரு வரிக்கு அது தாராளம். இந்த வருஷத்துக்கு என்ன எழுதுவது என்று அஷ்டமி அன்று ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.